இறங்கும் அண்ணாச்சியின் வாசல்

கோட்டாறு சந்தையில் ஒரு சரக்கின் விலை நாளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் அந்தக் காலத்தில் இரண்டே பேர். ஒருவர் கடவுள். இன்னொருவர் 'இறங்கும்' அண்ணாச்சி. இதில் கடவுளுக்குச் சில நாள் தப்பிவிடும். அண்ணாச்சிக்குத் தப்பவே தப்பாது. ஒரே ஒரு தடவைதான் தப்பியது. அந்த ஒரு தடவை ஆறு வருஷம் நீடித்தது.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நான் மூன்றாம் வகுப்பை முடிக்காதவன். தலையில் சுண்ணாம்புக் கூடை சுமந்துதான் தொழிலுக்கு வந்தேன். இருபத்துமூன்று வயதில் கோட்டாற்றில் சொந்தமாகக் கூரை ஓட்டுக்கடை போட்டேன். கொல்லத்து ஓடு ஏற்றிய லாரி என் கடை வாசலில்தான் முதலில் நிற்கும். மிச்சம் இருந்தால்தான் மற்றவனுக்கு. நாகர்கோவிலில் இன்றைக்கும் மழைக்கு நனையாமல் நிற்கிற பழைய வீடுகளில் பாதிக்குக் கூரை கொடுத்தவன் நான். படித்தவன் எவனும் என்னை ஏமாற்றியதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருஷ வியாபாரத்தில் நான் சொன்ன பொய் இரண்டே இரண்டு. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இரண்டையும் அண்ணாச்சியிடம்தான் சொன்னேன்.

அண்ணாச்சி கொப்பரைத் தரகர். பனைமரத்துக்கு வேட்டி கட்டியதுபோல் இருப்பார். கக்கத்தில் குடை, தோளில் துவர்த்துத் துண்டு. கொப்பரை மூட்டையில் கைவிட்டு ஒரு கீற்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு காதருகே வைத்து ஒடிப்பார். அது ஒடிகிற சத்தத்தைக் கேட்டு, ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "இறங்கும்" என்பார். பத்து நாளில் விலை இறங்கும். அவர் பேச்சைக் கேட்டு முன்னாலேயே விற்றவன் பழக்குலையோடு வந்து கும்பிடுவான். கேட்காதவன் கொப்பரையோடு உட்கார்ந்திருப்பான்.

"அண்ணாச்சி, ஒருநாளாவது ஏறும்னு சொல்லப்பிடாதா?" என்று நான் கேட்டதுண்டு.

"ஏறுகதைச் சொல்ல ஊருல ஆயிரம் பேரு இருக்கான்லே. தென்னையில ஏறினவன் அங்ஙன ராத்தங்கவா செய்வான்? இறங்கத்தானே வேணும். நான் இறங்குகதைச் சொல்லுகேன்."

கொப்பரைக்கு இது சரி. நெல்லுக்கும் கருப்பட்டிக்கும் சரி. இந்த ஒரே பாடத்தை வைத்துக்கொண்டுதான் அண்ணாச்சி வீடு கட்ட இறங்கினார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி பெயர் செல்லம்மை. நான் மைனி என்று கூப்பிடுவேன். இரண்டு பேரும் மைனியின் அண்ணன் வீட்டுப் பின்பக்கத்தில், ஓலைச் சாய்ப்பில் குடியிருந்தார்கள். அண்ணன் நல்ல மனுஷன். அண்ணன் பெண்டாட்டியும் கெட்டவள் இல்லை. ஆனால் அடுக்களை ஒன்று, அடுப்பு ஒன்று. அவர்கள் சமையல் முடிந்து, வெந்நீர் போட்டு, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைத்து, அடுப்பு ஒழிந்த பிறகுதான் மைனி உலை வைக்க முடியும். அண்ணாச்சிக்கு மத்தியானச் சோறு மூன்று மணிக்கு. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். மைனி கேட்டது மாளிகை இல்லை. எவரிடமும் "ஒழிஞ்சிட்டா?" என்று கேட்காமல் பற்றவைக்கிற மாதிரி ஓர் அடுப்பு.

அண்ணாச்சி பறக்கை ரோட்டுப் பக்கம் ஐந்து சென்ட் நிலம் வாங்கினார். எங்கள் பக்கத்தில் சுவர் எழும்பும் முன்னேயே நல்ல நாள் பார்த்து வாசல் நிலையை நட்டுவிடுவது வழக்கம். நட்ட நிலையை அசைக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது. அதற்குப் பிறகு மனைக்குள் போகிறவர்கள் அதன் வழியாகத்தான் போக வேண்டும். சுற்றிப் போனால் வீட்டுக்காரருக்கு ஆகாது. தேசத்துக்குச் சுதந்திரம் வந்த கையோடு, அந்த ஆவணியில் அண்ணாச்சியின் நிலை நடப்பட்டது. நல்ல வைரம் பாய்ந்த பலா. மாவிலை கட்டி, சந்தனம் தொட்டு, மைனி விளக்கேற்றினாள். ஆசாரிக்கு வேட்டி, கொத்தனாருக்கு வேட்டி, எனக்கு ஒரு சீப்புப் பழம்.

அதே வாரம் ஓட்டு விலை ஏறியது. அதுவரை ஆயிரம் ஓடு வாங்கிய பணத்துக்கு இனி எண்ணூறு ஓடுதான் என்று கம்பெனி ஆள் சொல்லிவிட்டுப் போனான். அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஓர் ஓட்டை எடுத்துக் காதருகே வைத்து விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இறங்கும். கொத்தனைப் போகச் சொல்லு."

"அண்ணாச்சி, நிலை நட்டாச்சே."

"நிக்கட்டும்லே. அதுக்கென்ன சோறா போடணும்? மூணு மாசம்."

நிலை நின்றது. மூன்று மாதம் நின்றது, வருஷம் நின்றது. ஐந்து சென்ட் வெறும் தரையில், முன்னும் பின்னும் ஆகாயமாக, ஒரு வாசல் மட்டும். மழைக்குக் கெட்டுப்போகாமல் எண்ணெய் பூசினார். பிறகு நிலை மட்டும் தனியாக நிற்பது அழகில்லை என்று இரட்டைக் கதவும் மாட்டினார். பிறகு கதவுக்குப் பூட்டு.

"சுத்திலும் சுவரு இல்ல. பூட்டு எதுக்கு அண்ணாச்சி?"

"பூட்டாம போட்டா களவாணி வருவான்லே."

ஒருநாள் மனைக்குள் ஓர் ஆடு நின்று அருகம்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, வாசல் வழியாக உள்ளே போய், ஆட்டை விரட்டினார். ஆடு வந்த வழியே ஓடப் பார்த்தது. இவர் விடவில்லை. குறுக்கே போய் மறித்து மறித்து, அரை மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஓடி, ஆட்டை வாசல் வழியாகவே வெளியேற்றிவிட்டுப் பூட்டைப் போட்டார். ரோட்டில் வண்டிகள் நின்று வேடிக்கை பார்த்தன.

எனக்கும் ஒருநாள் நடந்தது. அவசரத்தில் நிலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"ஏலே, நில்லு. வெளிய போ. போய் வாசல் வழியா வா. வீட்டுக்குள்ள சுவரு வழியா வாறது கள்ளனும் பல்லியும்தான்."

சுவரே இல்லை. ஆனாலும் வெளியே போய்த் திரும்ப வந்தேன்.

சனிக்கிழமைதோறும் அண்ணாச்சி என் கடைக்கு வருவார். "இன்னைக்கு என்னலே விலை?" நான் சொல்வேன். ஏறியிருக்கும். போன வருஷம் எண்ணூறு ஓடு வாங்கிய பணத்துக்கு இந்த வருஷம் எழுநூறு. சிமெண்டுக்குப் பெர்மிட், கம்பிக்குப் பெர்மிட்; ஆணியைக்கூட ஆள் முகம் பார்த்துத்தான் கொடுத்தார்கள். அண்ணாச்சி அசரமாட்டார். "யுத்தத்துக்குப் போன சரக்கெல்லாம் இனிதான் ஊருக்கு வரும், இறங்கும்" என்பார். சரக்கு வந்தது, விலை இறங்கவில்லை. "இந்த மகாராசா சக்கரக் காசு ஒழிஞ்சு ரூவா வரட்டும்" என்றார். ரூபாய் வந்தது. "கொச்சி ராச்சியமும் நம்ம ராச்சியமும் ஒண்ணாச் சேர்ந்தாச்சு, பாத்துக்கோ" என்றார். அதையும் பார்த்தோம். "எலெக்ஷன் முடியட்டும்" என்றார்.

விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு மட்டும் போகமாட்டார். ஓர் ஓடு வாங்குவார். ஒன்றே ஒன்று. கொப்பரைத் தரகர் மாதிரிக்கு ஒரு கீற்று எடுப்பதுபோல.

"வாங்காம விலை கேட்டா வியாபாரிக்கு வயிறு எரியும் மக்கா. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

அந்த ஓட்டைத் துவர்த்தில் பொதிந்து, கைக்குழந்தையைப்போல் மாரோடு அணைத்துக்கொண்டு நடப்பார். மைனி அதை வாங்கித் துடைத்து, சாய்ப்பில் கட்டிலுக்கு அடியில் வைக்கோல் போட்டு அடுக்குவாள்.

ஊருக்கு அண்ணாச்சி வாக்கு வேதவாக்கு. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அவர் பேச்சைக் கேட்டு மூன்று வருஷம் பொறுத்தார். பிறகு வயிற்றெரிச்சலோடு கடன் வாங்கி, இரண்டு பங்கு விலையில் வீட்டைக் கட்டி முடித்தார். பால்காய்ப்புக்கு ஊரையே அழைத்தவர் அண்ணாச்சியை மட்டும் அழைக்கவில்லை. அண்ணாச்சி அழைக்காமலே போனார். பாயசம் குடித்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கொள்ளாம், நல்லாயிருக்கு வாத்தியாரே. ஆனா கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

வாத்தியார் கையில் இருந்த கரண்டியை நான் பிடித்திராவிட்டால் அன்றைக்கே அண்ணாச்சியின் விலை இறங்கியிருக்கும்.

நாலாம் வருஷம் ஒருநாள் உச்சி வெயிலில் மைனி என் கடைக்கு வந்தாள். அவள் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. நான் ஆட்களைச் சாயா குடிக்க அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"தம்பி, ஒரு காரியம் சொன்னா செய்வியா?"

"சொல்லுங்க மைனி."

"ஓட்டுக்கு விலை இறங்கிட்டுன்னு அவ்வோகிட்ட சொல்லணும்."

"இறங்கல்லியே மைனி."

"இறங்கியிருந்தா நான் எதுக்கு இந்த வெயில்ல வாறேன்?" என்று சிரித்தாள். "மரத்துல ஏறினவன் அங்ஙனயே குடும்பம் வச்சிட்டான் தம்பி. இனி இறங்க மாட்டான். இவ்வோ கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்காவ. எனக்குக் கழுத்து வலிக்கு."

முந்தி முடிச்சை அவிழ்த்து இரண்டு காப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். விலை வித்தியாசத்துக்கு வைத்துக்கொள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கூடை சுமந்து முன்னுக்கு வந்தவன் நான். பெண்பிள்ளை காப்பை வாங்கி ஓடு விற்கவா கடை போட்டேன்? எடுத்து உள்ளே வையுங்க என்றேன். நஷ்டம் என்னோடது, அதைத் தாங்குகிற நெஞ்சு எனக்கு உண்டு என்றேன். உண்டு, அன்றைக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு.

"நான் வந்து நின்னது அவ்வோளுக்குத் தெரியப்பிடாது தம்பி. நான் செத்தாலும் சொல்லப்பிடாது."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அண்ணாச்சி வந்தார். "இன்னைக்கு என்னலே விலை?"

"இறங்கிட்டு அண்ணாச்சி," என்றேன். நான் கம்பெனிக்குக் கொடுத்ததைவிடக் குறைத்து ஒரு விலை சொன்னேன். அதுதான் முதல் பொய்.

அவர் அடுக்கிவைத்த ஓட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். "இன்னும் ஒருக்கா." சொன்னேன். கண்ணைத் துவர்த்தால் ஒற்றிக்கொண்டு, "நான் சொன்னேம்லா" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார். ஓர் ஓட்டை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார். நான் இரண்டு மாட்டுவண்டியைப் பிடித்து, ஆயிரம் ஓட்டை ஏற்றித் தயாராக நிறுத்தினேன்.

திங்கட்கிழமை காலையில் முதலில் வந்தது அண்ணாச்சி இல்லை. ஊர். அவர் சந்தை முழுக்கச் சொல்லியிருந்தார். இருபது பேர் வண்டியும் கயிறுமாக வந்து அந்த விலைக்கு ஓடு கொடு என்று நின்றார்கள். வாத்தியார் வந்து, தனக்கு விற்ற ஓட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் வாழ்நாளில் நான் ஒளிந்தது அந்த ஒருநாள்தான். சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பின்னால் பத்துமணிவரை இருந்தேன்.

அண்ணாச்சி மத்தியானம் வந்தார். வண்டிகளைப் பார்த்தார்.

"மாட்டை அவுத்து விடு மக்கா."

"ஏன் அண்ணாச்சி? விலைதான் இறங்கிட்டே."

"இறங்கத் தொடங்கியிருக்கு. இறங்குற சரக்கை எந்த மடையனாவது பாதியில வாங்குவானா? அடியில வந்து நிக்கும். அப்பம் வாங்கணும்."

மாடுகள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தன. நாலு வருஷத்தில் அவர் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. என் பொய் அதற்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு நான் எந்த விலை சொன்னாலும், "அது சும்மா துள்ளல். ஒருக்கா இறங்கின சரக்கு. அதுக்கு வழி தெரிஞ்சு போச்சு" என்பார். இன்னும் இரண்டு வருஷம் போயிற்று.

மைனியைப் பார்த்தபோது, "கெடுத்துட்டேனே மைனி" என்றேன்.

"போட்டும் தம்பி. அன்னைக்கு அவ்வோ நல்லா உறங்கினாவ. அது உன்னாலதான்."

ஆறு வருஷம் முடிந்த ஐப்பசி மழையில் மைனிக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. சாய்ப்பில் ஈரம். நான் பார்க்கப் போன அன்று, அண்ணன் வீட்டில் மகள் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு நிறைய உறவுக்காரப் பெண்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கல்யாணம் குறித்த நாளில் நடக்கத்தான் வேண்டும். அடுக்களை வாசலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கையில் சின்னப் பானை. அதில் ஒருபிடி அரிசியும் தண்ணீரும். மைனிக்குக் கஞ்சி வைக்க அடுப்பு ஒழிவதற்காக நின்றார். என் கடையில் விலை கேட்டுவிட்டு நிற்பாரே, அதேபோலத்தான் நின்றார். என்னைப் பார்த்ததும் பானையைத் துவர்த்தால் மூடினார்.

மூன்றாம் நாள் மைனி போய்விட்டாள்.

பதினாறு கழிந்த சனிக்கிழமை அண்ணாச்சி கடைக்கு வந்தார். நான் அன்றைய விலையைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"விலை சொல்லாண்டாம். கொத்தனை வரச்சொல்லு. அடுக்களை மட்டும் கெட்டணும்."

"ஓடு எத்தனை வேணும் அண்ணாச்சி?"

"ஓடு இருக்கு."

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து எண்ணினால் முந்நூற்றுக்கு மேல் இருந்தது. ஒன்றில்கூடத் தூசி இல்லை. ஆனால் ஆறு வருஷத்து ஓடு, நாலு கம்பெனி ஓடு. ஒரு கம்பெனி ஓட்டின் விளிம்பு இன்னொன்றில் சரியாக உட்காராது. ஒழுகும் என்றேன். ஒரே கம்பெனி ஓடு நான் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன்.

"அவ தொடச்சு வச்ச ஓடுலே," என்றார். நான் கொத்தனுக்கு ஆள் அனுப்பினேன்.

செங்கல்லும் சுண்ணாம்பும் கூரைக் கழுக்கோலுக்கு மரமும் உச்ச விலையில் இருந்தன. அண்ணாச்சி எதற்கும் பேரம் பேசவில்லை. செங்கல்காரன் சொன்ன விலைக்குத் தலையாட்டினார். அவன் பயந்துபோய்த் தானாகவே கொஞ்சம் குறைத்தான். வீட்டுச் சாமானில் அண்ணாச்சி கண்ணால் கண்ட ஒரே இறக்கம் அதுதான். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

மனையின் தென்கிழக்கு மூலையில் ஓர் அடுக்களை எழும்பியது. முன்னால் அதே வாசல். இரண்டுக்கும் நடுவே வெறும் தரை. பால்காய்ப்புக்கு அவர் நாள் பார்க்கவில்லை. நாள் பார்த்ததெல்லாம் போதும் என்றார். என்னை மட்டும் வரச்சொன்னார்.

போனேன். அண்ணாச்சி பூட்டைத் திறந்து இரண்டு கதவையும் தள்ளினார். ஆனால் உள்ளே போகவில்லை. ஓரமாக ஒதுங்கி, ஓர் ஆள் போகிற இடம் விட்டு, கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் அவர் கால் எடுத்து வைத்தார். நானும் ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் போனேன்.

அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்கும்போது தூறல் போட்டது. கூரை நான் சொன்னபடியே நாலு இடத்தில் ஒழுகியது. ஒரு சட்டியை எடுத்துச் சொட்டுக்கு நேராக வைத்துவிட்டு, தீயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லணும் மக்கா. அன்னைக்கு விலை இறங்கிட்டுன்னு சொன்னியே. அது நெசமா? இல்ல, அவ வந்து உன்கிட்ட கேட்டாளா?"

அடுப்பில் சுள்ளி வெடித்தது.

"நெசந்தான் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் குறைச்சான். ரெண்டு நாள்ல திரும்ப ஏத்திட்டான்."

"அப்பம் அவ உன் கடையில வந்து நிக்கல்ல."

"நிக்கல்ல."

"நல்லது," என்றார். "நின்னதெல்லாம் போதும் அவ."

அதுதான் இரண்டாவது பொய். ஒரு தம்ளர் பாலை ஆற்றி என்னிடம் கொடுத்தார். இன்னொன்றை ஆற்றி அடுப்புத் திண்டில் வைத்தார். அதை யாரும் எடுக்கவில்லை. அண்ணாச்சி குடிக்கவும் இல்லை.

தூறல் வலுத்தது. கிளம்பினேன். என் வண்டி தெற்கு ஓரத்தில் நின்றது; நேரே நடந்தால் பத்தடி. சுவரும் இல்லை, வேலியும் இல்லை. நான் நனைந்துகொண்டே வெறுந்தரை முழுக்க நடந்து, அந்த வாசல் வழியாக வெளியே வந்து, கதவு இரண்டையும் சத்தமில்லாமல் சாத்தினேன்.